கல்லூரி ஐஸ் ஹாக்கி: சொந்தத் தளச் சாதகமும் காலி இருக்கைகளும்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் பிரிவுத் தேசியப் போட்டி 1948 முதல் நடைபெற்று வருகிறது. இதை நடத்துவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு என்.சி.ஏ.ஏ. என்று இச்சங்கம் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 2003 முதல் ஆண்டுதோறும் 16 அணிகள் இப்போட்டியில் ஆடுகின்றன. முதல் இரண்டு சுற்றுகளும் மண்டலச் சுற்று என்ற பெயரில், முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட நான்கு ஊர்களில் நடக்கும். இந்த ஊர்கள் எந்த அணிக்கும் சொந்தமல்லாத நடுநிலைத் தளங்கள் என்று சொல்லப்படுகின்றன. இந்த ஏற்பாடு சொந்தத் தளச் சாதகத்தை உண்மையிலேயே நீக்கியிருக்கிறதா, பார்வையாளர் வருகையை என்ன செய்திருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. அரங்கில் ஆளே இல்லாதபோது சொந்தத் தளம் என்பதற்குப் பாதிப் பொருள் போய்விடும். ஒரு அணியின் ஆதரவாளர்கள் மட்டும் நிறைந்திருந்தால், அந்தத் தளத்தை நடுநிலையானது என்று அழைப்பதிலும் பொருளில்லை. மண்டலச் சுற்றுகளில் பல ஆண்டுகளாக இந்த இரண்டுமே நடந்து வருகின்றன.

சொந்தத் தளம் தருவது என்ன?

எந்த விளையாட்டிலும் உள்ளூர் அணிக்குக் கிடைக்கும் பொதுவான வசதிகள் ஐஸ் ஹாக்கியிலும் உண்டு. சொந்தப் படுக்கையில் தூங்கி எழுந்து வரலாம், பயணக் களைப்பு இல்லை, பழகிய உடை மாற்றும் அறை இருக்கிறது. இவற்றோடு ஐஸ் ஹாக்கிக்கே உரிய இரண்டு சாதகங்கள் உள்ளன.

முதலாவது, கடைசி மாற்றம் என்னும் விதி. இந்த ஆட்டத்தில் வீரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே பனியில் நின்று ஆடிவிட்டு வெளியேறுவார்கள். அடுத்த வரிசை உள்ளே வரும். ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போது, வந்த அணி தன் வீரர்களை முதலில் அனுப்ப வேண்டும். அவர்கள் யார் யார் என்று பார்த்த பிறகு உள்ளூர் அணியின் பயிற்சியாளர் தன் வீரர்களைத் தேர்ந்து அனுப்பலாம். எதிரணியின் சிறந்த தாக்குதல் வீரருக்கு எதிராகத் தன் சிறந்த தடுப்பாளர்களை நிறுத்தும் உரிமை இவ்வாறு உள்ளூர் அணிக்குக் கிடைக்கிறது. சீட்டாட்டத்தில் எதிராளியின் சீட்டைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டை இறக்குவதற்கு இதை ஒப்பிடலாம்.

இரண்டாவது, தளத்தின் அளவும் இயல்பும். கல்லூரிப் பனித்தளங்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. நீளம் 200 அடி. அகலம் சில இடங்களில் 85 அடி, சில இடங்களில் 100 அடி. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மரியூச்சி அரங்கம் 2022 இல் குறுக்கப்படும் வரை அகலத் தளமாகவே இருந்தது. அகலத் தளத்தில் வேகமான சறுக்காளர்களுக்கு இடம் கிடைக்கும். குறுகிய தளத்தில் மோதி ஆடும் அணிக்கு வசதி. சுற்றுப் பலகைகளில் பட்டு பக் எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதும் தினமும் அங்கே பயிற்சி செய்பவருக்கே கைவந்த விஷயம்.

மூன்றாவது சாதகம் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானது. ஆனால் இக்கட்டுரைக்கு அதுவே முக்கியமானது. அது கூட்டம். கூட்டத்தின் இரைச்சல் வீரர்களை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடுவர்களைப் பாதிக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆகிய மூவர் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகள் காட்டப்பட்டன. சிலருக்குக் கூட்டத்தின் ஒலியோடு, சிலருக்கு ஒலியில்லாமல். ஒலியோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாகவே தவறுகளைக் கூறினர். ஐஸ் ஹாக்கியில் ஒரு தவறுக்கு இரண்டு நிமிடம் ஒரு வீரரை இழக்க வேண்டும் என்பதால், நடுவரின் தயக்கம் ஆட்டத்தையே திருப்பிவிடக்கூடும்.

மண்டலச் சுற்றில் இந்தச் சாதகங்கள் பிரிந்துபோகின்றன. கடைசி மாற்றம் உயர்ந்த தரநிலை பெற்ற அணிக்குச் செல்கிறது. ஏட்டில் அதுவே உள்ளூர் அணி. கூட்டமோ அருகில் இருக்கும் அணிக்குச் செல்கிறது. ஒரே ஆட்டத்தில் விதிப்படி உள்ளூர் அணி ஒன்றும், நடைமுறையில் உள்ளூர் அணி வேறொன்றுமாக ஆடும் விநோதம் இப்படித்தான் உண்டாகிறது.

பிராட்மூர் முதல் 2003 வரை

இந்தச் சிக்கல் போட்டி பிறந்தபோதே உடன் பிறந்தது. 1948 முதல் 1957 வரை முதல் பத்து ஆண்டுகளும் போட்டி ஒரே இடத்தில் நடந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் உள்ள பிராட்மூர் விடுதியின் பனி அரங்கமே அந்த இடம். கொலராடோ கல்லூரி தன் ஆட்டங்களை வழக்கமாக ஆடிவந்ததும் அதே அரங்கில்தான். அக்கல்லூரி 1950 இல் போஸ்டன் பல்கலைக்கழகத்தை 13-4 என்றும், 1957 இல் மிச்சிகனை 13-6 என்றும் வென்று வாகை சூடியது. அதே அரங்கில் 1952, 1955 ஆகிய ஆண்டுகளின் இறுதி ஆட்டங்களில் மிச்சிகனிடம் தோற்றதும் அதே கல்லூரிதான். சொந்தத் தளம் உதவும். ஆனால் வெற்றியை எழுதிக் கொடுத்துவிடாது என்பதை அந்தப் பத்து ஆண்டுகளே காட்டிவிட்டன. 1958 இல் போட்டி மினியாபொலிஸ் நகருக்குச் சென்றது. பிறகு ஊர் ஊராக மாறியது.

1981 இல் எட்டு அணிகள் என்ற அளவுக்குப் போட்டி விரிந்தபோது, கால் இறுதிகள் கல்லூரி வளாகங்களிலேயே நடத்தப்பட்டன. முதலில் இரண்டு ஆட்டங்கள், மொத்தக் கோல்களின் கூட்டுத்தொகை என்ற முறை. 1989 முதல் 1991 வரை மூன்றில் இரண்டு வெற்றி என்ற முறை. பருவம் முழுவதும் நன்றாக ஆடி உயர்ந்த தரநிலை பெற்ற அணி தன் ஊரிலேயே ஆடும். வந்த அணிக்கு வேலை கடினம். ஆனால் ஒரே இரவின் அதிர்ஷ்டத்தில் முடிவு தொங்காது.

அந்தக் காலத்தின் நினைவாக இன்றும் பேசப்படுவது 1991 இல் ஆன் ஆர்பரில் நடந்த மிச்சிகன், கோர்னெல் தொடர். கோர்னெல் ரசிகர்கள் பெயர் பெற்றவர்கள். நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா ஊரில் நான்காயிரம் சொச்சம் பேர் மட்டுமே கொள்ளும் லைனா பனித்தளத்தில், எதிரணி வீரர்களை அறிவிக்கும்போது செய்தித்தாளை விரித்துப் படிப்பதுபோல் பாவனை செய்வதும், ஹார்வர்டு அணி வரும்போது பனியில் மீன்களை எறிவதும் அவர்களின் வழக்கம். அந்த ரசிகர்களில் ஒரு கூட்டம் மிச்சிகனின் யோஸ்ட் அரங்கத்துக்கு வந்தது. தொடரை மிச்சிகன் 2-1 என வென்றது. ஆனால் தங்கள் அரங்கத்திலேயே தங்களைவிட உரக்கக் கத்திய விருந்தினர்களைப் பார்த்த மிச்சிகன் மாணவர்கள், அந்த முழக்கங்களை அப்படியே கற்றுக்கொண்டனர். பின்னாளில் எதிரணிகள் அஞ்சும் அரங்கமாக யோஸ்ட் மாறியதற்கு அந்த வார இறுதியே தொடக்கம் என்பது அங்குள்ளோர் சொல்லும் வரலாறு. ரசிகர் மரபு என்பது வளாகத்தில் நடக்கும் ஆட்டங்களில்தான் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குக் கைமாறுகிறது. வாடகை அரங்கத்தில், பாதி இருக்கைகளுக்கு நடுவே, அது நடப்பதில்லை.

1992 முதல் கிழக்கு, மேற்கு என இரண்டு மண்டலங்களும், 2003 முதல் நான்கு மண்டலங்களும் வந்தன. இடங்கள் முன்பே முடிவாகின. அன்று முதல் இன்று வரை, தரநிலையால் மட்டும் சொந்தத் தளத்தில் ஆடும் உரிமை ஆண்கள் தேசியப் போட்டியில் எந்த அணிக்கும் கிடைத்ததில்லை.

நடுநிலை எனப்படும் தளங்கள்

நடுநிலைத் தளத்தின் அடிப்படை எண்ணம் நேர்மையானது. பொதுத் தேர்வு எழுதும் மாணவரை வேறு பள்ளியில் உட்கார வைப்பதற்கு நிகரானது அது. யாருக்கும் பழகிய வகுப்பறை கிடைக்காது; எல்லோருக்கும் ஒரே நிலை. ஆனால் தேர்வு மையமாக அமைந்த பள்ளியின் மாணவர்கள் மட்டும் தங்கள் வகுப்பறையிலேயே எழுதினால் என்னவாகும்? மண்டலச் சுற்றின் விதி கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு கல்லூரியோ லீக்கோ விருந்தோம்பும் பொறுப்பை ஏற்கிறது. அந்தக் கல்லூரி போட்டிக்குத் தகுதி பெற்றால், அதன் தரநிலை எதுவாக இருந்தாலும் அந்த மண்டலத்திலேயே ஆடும். இடங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே விண்ணப்பம் மூலம் முடிவாகின்றன. 2023 முதல் 2026 வரையிலான இடங்கள் 2020 அக்டோபரிலேயே அறிவிக்கப்பட்டன. அப்போது யார் நன்றாக ஆடப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

விளைவைக் காண யோஸ்ட் அரங்கமே போதும். மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் உள்ள அந்த அரங்கிலேயே மண்டலச் சுற்றை நடத்தியது. 1998 இல் நடப்பு வாகையரான வடக்கு டகோட்டாவை அங்கே 4-3 என வென்றது. 2002 இல் தன் லீக்கின் வாகையராக வந்த டென்வரை 5-3 என வென்றது. 2003 இல் அந்த மண்டலத்தின் முதல் தரநிலை அணியான கொலராடோ கல்லூரியையும் அதே 5-3 என்ற கணக்கில் வீழ்த்தியது. மூன்று முறையும் மேற்கிலிருந்து வந்த வலுவான அணி தோற்று வீடு திரும்பியது. மிச்சிகன் நல்ல அணி என்பதில் ஐயமில்லை. 1998 இல் அது போஸ்டனுக்கே சென்று போஸ்டன் கல்லூரியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்று கோப்பையை எடுத்தது. எதிரியின் ஊரிலும் வெல்லத் தெரிந்த அணி அது. ஆனால் யோஸ்டில் ஆடும் உரிமையை அந்த ஆண்டுகளில் அது களத்தில் சம்பாதிக்கவில்லை.

2008 இல் இந்த முரண் இன்னும் வெளிப்படையானது. விஸ்கான்சின் அணி அப்பருவத்தில் வெற்றிகளைவிடத் தோல்விகளையே அதிகம் கண்டிருந்தும் போட்டிக்குள் நுழைந்தது. மாடிசன் நகரில் உள்ள அதன் வளாக அரங்கமே அந்த ஆண்டின் மண்டலத் தளங்களில் ஒன்று. அங்கே டென்வரை 6-2 என வென்ற விஸ்கான்சின், அடுத்த ஆட்டத்தில் வடக்கு டகோட்டாவிடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றது.

வளாகத்துக்கு வெளியே உள்ள அரங்கங்களுக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2024 இல் ஸ்பிரிங்ஃபீல்டு மண்டலத்தில் முதல் தரநிலை அணி டென்வர். ராக்கி மலையடிவாரத்திலிருந்து நாட்டின் மறுகோடிக்குப் பறந்து வந்த அந்த அணியின் முதல் எதிரி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். அது நான்காம் தரநிலை. அதன் ஆம்ஹெர்ஸ்ட் வளாகமோ அரங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தொலைவு. இரண்டாவது கூடுதல் நேரம் வரை போராடித்தான் டென்வர் 2-1 என வென்றது. பிறகு அதே டென்வர்தான் கோப்பையை வென்றது என்பதைப் பார்க்கும்போது, முதல் ஆட்டத்தில் அது எவ்வளவு நெருக்கடியில் நின்றது என்பது விளங்கும்.

2025 இல் ஆலன்டவுன் மண்டலத்தில் நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. அம்மண்டலத்தின் விருந்தோம்பி பென் ஸ்டேட் எனப்படும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். நான்காம் தரநிலையில் தகுதி பெற்றதால் விதிப்படி அங்கேயே ஆடியது. முதல் தரநிலை பெற்ற மெய்ன் பல்கலைக்கழகம் ஒரோனோவிலிருந்து சுமார் 900 கி.மீ. கடந்து வந்தது. கடைசி மாற்றம் மெய்னுக்கு. கூட்டம் பென் ஸ்டேட்டுக்கு. பென் ஸ்டேட் 5-1 என வென்றது. அடுத்து கனெக்டிகட்டையும் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக ஃபுரோசன் ஃபோர் எனப்படும் அரை இறுதிக் கட்டத்தை அடைந்தது. 5-1 என்பது கூட்டத்தால் மட்டும் வந்த வித்தியாசமல்ல. பென் ஸ்டேட் அன்று சிறப்பாகவே ஆடியது. இருந்தாலும் ஐந்து மாதம் ஆடி முதல் தரநிலை பெற்றதற்கு மெய்ன் ரசிகர்கள் கண்ட பலன், தங்கள் அணி எதிரியின் கூட்டத்துக்கு நடுவே தோற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். ஒரோனோவின் ஆல்ஃபண்ட் அரங்கில் அந்த ஆட்டம் நடந்திருந்தால் இருக்கை ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் விருந்தோம்பும் ஃபார்கோ நகரம் அதன் வளாகத்துக்கு மிக அருகில் உள்ளது. 2015 இல் அங்கே அந்த அணி வென்றது. ஆனால் 2017 இல் போஸ்டன் பல்கலைக்கழகத்திடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் தோற்றது. 2021 இல் மினசோட்டா டுலூத் அணியிடம் ஐந்தாவது கூடுதல் நேரத்தில் 3-2 எனத் தோற்றது. தேசியப் போட்டியின் மிக நீண்ட ஆட்டம் அது.

இருக்கைகள் ஏன் காலியாகின்றன?

அருகில் உள்ள அணி தகுதி பெறாத ஆண்டுகளில் மண்டலச் சுற்று அரங்கங்கள் பரிதாபமாகக் காட்சி தருகின்றன. பருவம் முழுவதும் இடம் கிடைக்காமல் ரசிகர்கள் முண்டியடிக்கும் அணிகள், ஆண்டின் மிக முக்கியமான ஆட்டத்தை வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுகின்றன. பக் பலகையில் படும் ஓசை அரங்கமெங்கும் எதிரொலிப்பது தொலைக்காட்சியிலேயே கேட்கும்.

இதற்கு ரசிகர்களின் ஆர்வமின்மையைக் காரணம் சொல்வது தவறு. கால அட்டவணையைப் பார்த்தாலே போதும். அணிகளும் இடங்களும் ஞாயிற்றுக்கிழமை அறிவிக்கப்படுகின்றன. வியாழன் அல்லது வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கிவிடுகிறது. நான்கைந்து நாட்களுக்குள் விமானச் சீட்டு, தங்கும் அறை, வேலையிலிருந்து விடுப்பு எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவர்களுக்கு வகுப்பும் உண்டு, கையில் பணமும் இல்லை. அணி முதல் நாளே தோற்றால், இரண்டாம் நாளுக்கு வாங்கிய சீட்டு வீண். வென்றாலும் அதே ஊரில் மேலும் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். இவ்வளவும் செய்யக்கூடியவர்கள் வீரர்களின் பெற்றோர்கள் மட்டுமே என்று சொன்னால் அதிகமாகாது.

எந்த அணி எந்த ஊருக்கு அனுப்பப்படுகிறது என்பதும் புதிராகவே இருக்கும். 2025 இல் வெஸ்டர்ன் மிச்சிகன் முதல் தரநிலை பெற்றது. அதன் ஊரான கலமசூவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய டொலிடோ நகரிலும் அந்த ஆண்டு ஒரு மண்டலம் நடந்தது. ஆனால் அது அனுப்பப்பட்டது ஏறத்தாழ 1200 கி.மீ. தொலைவில் உள்ள ஃபார்கோவுக்கு. டொலிடோ மண்டலம் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனது. ஒரே லீக்கைச் சேர்ந்த அணிகள் முதல் சுற்றில் மோதக்கூடாது, விருந்தோம்பிகளை இடம் மாற்றக்கூடாது, தரநிலை வரிசை குலையக்கூடாது, சீட்டும் விற்க வேண்டும் என நான்கு பக்கமும் இழுக்கும்போது தேர்வுக் குழு எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கப்படுவது ரசிகரின் வசதிதான். வெஸ்டர்ன் மிச்சிகன் ஃபார்கோவில் இரண்டு ஆட்டங்களையும் 2-1 என்ற கணக்கில் வென்று, பிறகு செயின்ட் லூயிஸ் நகரில் தன் முதல் தேசியக் கோப்பையையும் வென்றது. அந்த வசந்த காலத்தில் கலமசூ மக்கள் தங்கள் ஊரில் ஒரு தேசியப் போட்டி ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நடுநிலைத் தளம் எங்குமே கூட்டம் சேர்க்காது என்று முடிவு கட்டவும் முடியாது. ஃபுரோசன் ஃபோர் அதற்கு நேர் எதிரான சான்று. கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியே இல்லாத தம்பா நகரில் நடந்தபோதும் ரசிகர்கள் திரண்டனர். 2010 இல் டெட்ராய்ட் நகரின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை 37,592 பேர் பார்த்தனர். தூரத்திலிருந்து பக் கண்ணுக்குத் தெரிந்ததா என்பது வேறு விஷயம். ஃபுரோசன் ஃபோரின் இடம் ஆண்டுக் கணக்கில் முன்பே தெரியும். யார் ஆடினாலும் சரி என்று நண்பர்கள் குழுவாகச் சுற்றுலாபோல் திட்டமிட்டு வருவார்கள். போஸ்டனில் நடக்கும் லீக் இறுதிகளுக்கும், 2025 வரை செயின்ட் பாலில் நடந்த லீக் இறுதிகளுக்கும் கூட்டம் வரக் காரணம் வேறு: பங்கேற்கும் கல்லூரிகளில் பல சில மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் உள்ளன. மண்டலச் சுற்றுக்கு இந்த இரண்டு வசதிகளில் ஒன்றுமில்லை. திருவிழாவாகப் பார்க்க அது சிறியது. உள்ளூர் ஆட்டமாகப் பார்க்க அது தொலைவில் உள்ளது.

சிறிய கல்லூரிகளின் வாதம்

வளாகங்களுக்குத் திரும்புவதை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் சிறிய கல்லூரிகளைப் பற்றியது. நடுநிலைத் தளம் வந்த பிறகு நிகழ்ந்த வியப்பூட்டும் வெற்றிகள் பல. 2009 இல் பெமிட்ஜி ஸ்டேட் நாட்டர் டேமை 5-1 என வென்றது. அதே ஆண்டு விமானப்படைக் கல்லூரி மிச்சிகனை 2-0 என வென்றது. 2010 இல் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனம் டென்வரையும் நியூ ஹாம்ப்ஷயரையும் அடுத்தடுத்து வீழ்த்தி ஃபுரோசன் ஃபோருக்குச் சென்றது. 2013 இல் நான்காம் தரநிலையில் நுழைந்த யேல், கிராண்ட் ராபிட்ஸ் நகரில் மினசோட்டாவைக் கூடுதல் நேரம் தொடங்கிய ஒன்பதாவது விநாடியில் வென்று, கடைசியில் கோப்பையையே எடுத்துச் சென்றது. மினசோட்டாவின் சொந்த அரங்கில், பத்தாயிரம் பேருக்கு முன்னால் யேல் வென்றிருக்குமா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

ஆனால் இவற்றில் மிகப் புகழ்பெற்ற வெற்றி இந்த வாதத்துக்கு முழுமையாக உதவவில்லை. 2006 இல் ஹோலி கிராஸ் என்ற சிறிய கல்லூரி மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என வென்றது. அது நடந்த இடம் கிராண்ட் ஃபோர்க்ஸில் உள்ள வடக்கு டகோட்டாவின் வளாக அரங்கம். வடக்கு டகோட்டா ரசிகர்களுக்கு மினசோட்டா பரம வைரி. முன்பின் அறியாத ஹோலி கிராஸுக்காக அவர்கள் தொண்டை வறளக் கத்தினர். மறுநாள் அதே ஹோலி கிராஸைத் தங்கள் அணி 5-2 என வென்றபோதும் அதே ஆரவாரம். அந்த இரவு மக்கள் மனத்தில் நின்றதற்கு அரங்கம் நிறைந்திருந்ததும் ஒரு காரணம்.

வளாக ஆட்டம் ஒருதலைப்பட்சமாகும் என்ற அச்சமும் ஆதாரமற்றதல்ல. அமெரிக்கக் கால்பந்தில் 2024 டிசம்பரில் முதன்முறையாகக் கல்லூரி இறுதிச் சுற்றின் முதல் கட்டம் வளாகங்களில் நடந்தபோது, நான்கு உள்ளூர் அணிகளும் வென்றன. மிக நெருக்கமான ஆட்டத்திலேயே வித்தியாசம் பத்துப் புள்ளிகள். ஐஸ் ஹாக்கி அவ்வளவு ஒருபக்கம் சாயும் ஆட்டமல்ல. ஒரு நல்ல கோல் காப்பாளர் அன்றைய இரவைத் தனியாகவே மாற்றிவிட முடியும்.

பிக் டென் லீக்கின் அனுபவம்

இந்த விவாதத்தில் ஊகங்களைவிடப் பயனுள்ளது பிக் டென் லீக்கின் அனுபவம். 2014 முதல் 2017 வரை அந்த லீக் தன் இறுதிப் போட்டியைச் செயின்ட் பாலிலும் டெட்ராய்ட்டிலும் மாறி மாறி நடத்தியது. இரண்டுமே பெரிய தொழில்முறை அரங்கங்கள். இரண்டிலும் கூட்டம் ஏமாற்றமளித்தது. 2018 முதல் உயர்ந்த தரநிலை பெற்ற அணியின் வளாகத்திலேயே எல்லா ஆட்டங்களும் என்று மாற்றப்பட்டது. முதல் ஆண்டின் இறுதியில் நாட்டர் டேம் தன் அரங்கில் ஒஹாயோ ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்றது. 2022 இறுதியை மினசோட்டாவின் மரியூச்சி அரங்கில் மிச்சிகன் 4-3 என வென்றது. 2023 இல் அதே அரங்கில், அதே அணியை, அதே 4-3 என்ற கணக்கில் மீண்டும் மிச்சிகனே வென்றது. 2024 இலும் 2025 இலும் உள்ளூர் அணியான மிச்சிகன் ஸ்டேட் வென்றது. ஆனால் இரண்டுமே கூடுதல் நேரத்தில்தான் முடிந்தன. வளாகத்தில் நடந்த இந்த ஐந்து இறுதிகளிலும் வெற்றி வித்தியாசம் ஒரே ஒரு கோல். சொந்தத் தளம் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்பவர்கள் இந்தப் பட்டியலுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

பெண்கள் போட்டியில் இந்தச் சர்ச்சையே இல்லை. என்.சி.ஏ.ஏ. நடத்தும் பெண்கள் ஐஸ் ஹாக்கித் தேசியப் போட்டியில் கால் இறுதிகள் முதல் நான்கு தரநிலை அணிகளின் வளாகங்களில் நடக்கின்றன. 2022 இல் 11 அணிகளாக விரிந்த பிறகும் அப்படியே. 2023 இல் விஸ்கான்சின் பெண்கள் அணி முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. கோல்கேட் கல்லூரியின் தளத்துக்குச் சென்று அங்கே 4-2 என வென்று, பின்னர் தேசியக் கோப்பையையும் வென்றது. ஒரே சங்கம், ஒரே விளையாட்டு. பெண்களுக்கு நியாயமாகத் தெரியும் முறை ஆண்களுக்கு மட்டும் ஏன் அநியாயமாகிறது என்பதற்குச் சங்கம் இதுவரை மனம் ஏற்கும்படியான விளக்கம் தரவில்லை.

நடைமுறைத் தடைகள்

முதல் சுற்றை மட்டுமாவது வளாகங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகள் சில உள்ளன. சில கல்லூரி அரங்கங்கள் மிகச் சிறியவை. தொலைக்காட்சி ஒளிபரப்புக்குத் தேவையான வசதிகள் எல்லா இடங்களிலும் இல்லை. நான்கு இடங்களுக்குப் பதில் எட்டு இடங்களில் நடத்தினால் நடுவர்களும் ஒளிபரப்புக் குழுக்களும் இரட்டிப்பாக வேண்டும். இவை செலவு பற்றிய தடைகளே. சிறிய அரங்கம் என்ற தடையில் அவ்வளவு வலுவில்லை: நான்காயிரம் பேர் கொள்ளும் அரங்கில் நான்காயிரம் பேர் அமர்வது, எட்டாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் இரண்டாயிரம் பேர் அமர்வதைவிடக் கணக்கிலும் மேல், காட்சியிலும் மேல்.

உண்மையான தடை வாக்குகளில் இருக்கிறது. முதல் பிரிவில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை எந்த ஆண்டிலும் முதல் எட்டு இடங்களுக்குள் வர வாய்ப்பில்லாதவை. அவற்றின் பயிற்சியாளர்களுக்கு, காலி அரங்கமானாலும் பரவாயில்லை, எதிரியின் அரங்கம் வேண்டாம் என்று தோன்றுவது இயல்பு. இதற்கிடையில் லீக்குகள் தாமாகவே வழி மாறி வருகின்றன. செயின்ட் பாலில் ஆண்டுதோறும் இறுதிப் போட்டி நடத்திவந்த என்.சி.எச்.சி. லீக்கும் 2026 முதல் தன் ஆட்டங்கள் அனைத்தையும் வளாகங்களுக்கு மாற்ற முடிவு செய்தது. டென்வர், வடக்கு டகோட்டா, வெஸ்டர்ன் மிச்சிகன் ஆகிய மூன்றும் அந்த லீக்கின் அணிகளே.